பேனாவா, ஊசியா? ஊசியே!

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியில் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'பாலஸ்தீனர்களின் ஊரையும் மண்ணையும் மறக்கவிடாமல் காத்தது கவிஞர்களின் பேனாவா, பெண்களின் ஊசியா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், "பூவேலைத் தையல் என்பது வீட்டு அலங்காரம், கவிதைதான் வரலாறு" என்று முழங்கிவிட்டு, பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் பெயரைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார். தட்டியவர்களில் நானும் ஒருத்தி. தர்வீஷுக்குத் தட்டாத கை ஒரு கையா? 1941இல் கலிலேயாவின் அல்-பிர்வா கிராமத்தில் பிறந்தவர். ஏழு வயதில் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். ஊர் தரைமட்டமானது. 1988இல் பாலஸ்தீன சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய கை அவருடையது. இதில் எதையும் நான் மறுக்க வரவில்லை.

நான் கேட்பது வேறு. அந்த ஏழு வயதுப் பிள்ளை வளர்ந்து, எழுத்துப் பழகி, பேனா பிடிக்கும்வரை ஊர்களின் அடையாளத்தை யார் சுமந்தார்கள்? இஸ்ரேல் உருவான 1948இல், பாலஸ்தீனர்கள் 'நக்பா', அதாவது பேரழிவு, என்று சொல்லும் அந்த வெளியேற்றத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாயின. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. ஆனால் பெண்கள் உடுத்தியிருந்த தோப், அதாவது கணுக்கால்வரை நீண்ட அந்த அங்கி, அவர்கள் உடம்போடு வந்தது. அதில் ஊர் இருந்தது.

எப்படி இருந்தது என்று எதிரணி கேட்கும். சொல்கிறேன். வெள்ளை லினன் துணியில் சிவப்பு நூலால் பேரீச்ச மரம் போட்டிருந்தால் ராமல்லாப் பக்கம். நெஞ்சுப்பட்டையில் பட்டுச் சரிகைக் கயிறு வளைந்து வளைந்து ஓடினால் பெத்லகேம். காஸா வட்டாரம் என்றால் மஜ்தல் ஊர்த் தறியில் நெய்த கருநீலத் துணி. அந்தத் துணியில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடும் ஒரு ரகத்துக்கு 'சொர்க்கமும் நரகமும்' என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள்! கவிஞர்களுக்கு மட்டும்தான் கற்பனை உண்டா? அந்த மஜ்தல்தான் இன்று இஸ்ரேலில் இருக்கும் அஷ்கெலோன். 1950க்குள் அங்கிருந்த பாலஸ்தீனர்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். நெசவாளர்கள் காஸாவுக்குப் போய் மறுபடி தறி போட்டார்கள்.

இது சும்மா கையோட்டத்தில் வருகிற வேலை இல்லை. துணியின் இழையை எண்ணி, பெருக்கல் குறி மாதிரி ஒவ்வொரு தையலாகப் போட வேண்டும். வெல்வெட் போல இழை எண்ண முடியாத துணி என்றால், மேலே ஒரு கண்ணித்துணியை வைத்து அதன்மீது தைப்பார்கள். முடித்தபின் கண்ணித்துணியின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். பூ மட்டும் வெல்வெட்டில் நிற்கும். தெற்கே நெகேவ் பாலைவனத்துப் பெதூயின் பெண்களிடம் கைம்பெண்ணுக்கு நீலத் தையல். அவள் மறுமணம் செய்துகொண்டால் அந்த நீலத்தின்மேலேயே சிவப்பைச் சேர்ப்பாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக எழுதிய பேனா எது?

நண்பர் இன்னொரு குண்டு போட்டார். "நூலே பிரான்சிலிருந்து வந்தது, டிஎம்சி கம்பெனி நூல், இதில் என்ன மரபு?" என்றார். உண்மைதான். முன்பு பட்டு நூல் இருந்த இடத்தில் 1930களில் அந்தப் பருத்தி நூல் வந்தது, கூடவே ரோஜாவும் பறவையும் போட்ட மாதிரிப் புத்தகங்களும் வந்தன. பெண்கள் அவற்றை எடுத்துத் தங்கள் சைப்ரஸ் மரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். கவிஞர்கள் எழுதிய பேனாவை மட்டும் ராமல்லாவில் வார்த்தார்களா, ஐயா?

அடுத்து தணிக்கைக்கு வருகிறேன். 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையிலும் காஸாவிலும் அதற்குப் பிறகு பாலஸ்தீனக் கொடியைக் காட்டவே தடை. கிழக்கு ஜெருசலேம் பத்திரிகைகள் ராணுவத் தணிக்கை அதிகாரியிடம் காட்டி, அவர் வெட்டியது போக மிச்சத்தைத்தான் அச்சிட்டன. பேனா அங்கே கைகட்டி நின்றது. 1987இல் முதல் இன்டிஃபாதா, அதாவது ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சி, வெடித்தபோது பெண்கள் என்ன செய்தார்கள்? கொடியின் நிறங்களை, நாட்டின் வரைபடத்தை, ஜெருசலேமின் புனிதத் தலமான பாறைக் குவிமாடத்தை நெஞ்சுப்பட்டையிலேயே தைத்து உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். கம்பத்தில் இருக்கும் கொடியைப் பிடுங்கலாம். உடுத்தியிருப்பதை என்ன செய்வான் சிப்பாய்? நெஞ்சுப்பட்டைக்கு எந்தத் தணிக்கை அதிகாரி முத்திரை குத்துவான்?

சோற்றுக் கணக்கும் உண்டு. ராமல்லாவை ஒட்டிய அல்-பிரேயில் சமீஹா கலீல் என்ற பெண்மணி 1965இல் தொடங்கிய 'இன்ஆஷ் அல்-உஸ்ரா' சங்கம், பெண்களுக்கு வீட்டிலிருந்தபடியே இந்தத் தையலில் கூலி கிடைக்க வழி செய்தது. பலமுறை கைதான அந்த அம்மா, 1996 அதிபர் தேர்தலில் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தையே எதிர்த்து நின்றவர். கவிதை எழுதி அடுப்பு எரிந்த வீடு எத்தனை என்று எதிரணிக் கவிஞரின் இல்லத்தரசி முன்வரிசையில்தான் இருக்கிறார், கேட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக எதிரணித் தலைவர் ஒரு சவால் விட்டார். "கவிதைக்கு அடியில் பெயர் இருக்கிறது, தையலுக்கு அடியில் யார் பெயர் இருக்கிறது?" என்றார். நல்ல கேள்வி. தைத்தவள் பெயர் பெரும்பாலும் இல்லைதான். அதற்குப் பெய்த் தஜன் என்ற ஊரைத்தான் பதிலாகச் சொல்வேன். யாஃபா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். 1948 ஏப்ரலில் காலியானது. முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஊர்ப் பெண்கள், பூவேலையை அங்கியின் கீழ்ப்பகுதியில் நீள நீளப் பட்டைகளாக இறக்கித் தைத்தார்கள். 'இர்க்' என்று அதற்குப் பெயர். பிற்பாடு, பல ஊர்ப் பெண்கள் ஒன்றாக அடைபட்ட அகதி முகாம்களில், ஆறு பட்டை அங்கி என்று ஒன்று பரவியது. ஹெப்ரோன்காரியும் உடுத்தினாள், காஸாக்காரியும் உடுத்தினாள். அந்த ஆறு பட்டைக்கு முன்னோடி, பெய்த் தஜனின் அந்த இர்க்தான். யுனெஸ்கோ 2021இல் பாலஸ்தீனத் தையற்கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததெல்லாம் இதற்கு வெகுகாலம் பிந்தி நடந்தது.

மணி அடித்துவிட்டார்கள். மறுத்துப் பேச வரும் நண்பர் பெய்த் தஜனிலிருந்தே தொடங்கட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.