உள்ளன்னா எதுக்கு உள்ள?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் ஒரு உவமை சொன்னாரு, தேனத் தின்னவனுக்குத்தான் ருசி தெரியும், பாட்டிலுக்கு வெளிய நின்னு லேபிள் படிக்கிறவனுக்கு என்ன தெரியும்னு, நல்லா கைதட்டும் வாங்கிட்டாரு. ருசி உங்களுக்குத்தாங்க, யாரு இல்லேன்னா. ஆனா இன்னிக்குத் தலைப்பு சாமி கும்பிடுறது இல்ல, இந்து மரபுகள ஆராய்ச்சி பண்றது, அத அந்த மரபுக்குள்ள இருக்கிற உள்ளாளு மட்டுந்தான் பண்ணணுமா, வெளியாளும் பண்ணலாமாங்கிறது.

மொதல்ல உள்ளன்னா எதுக்கு உள்ள? மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள 1939 ஜூலையில வைத்தியநாத ஐயர் கூட்டிட்டுப் போனப்பத்தான் தலித்துகளும் நாடார்களும் கால் வச்சாங்க. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் தெருவுல நின்னு கோபுரத்தக் கும்பிட்டாங்களே, அவங்க உங்க கணக்குல உள்ளாளா வெளியாளா? அவங்களையும் கருவறையில நின்ன பட்டரையும் சேத்துக் கட்டி "எங்க மரபு"ங்கிறீங்க, சரி, அதுல பேசுறது யாரு வாய்?

செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா பாத்திருக்கீங்களா? படுகளத்தன்னிக்கு மண்ணுலயே துரியோதனன இம்மாம்பெருசா செஞ்சு மல்லாக்கப் போட்டிருப்பாங்க, பீம வேஷக்காரர் வந்து தொடையிலயே ஒண்ணு போடுவாரு, அப்புறந்தான் பாஞ்சாலி கூந்தல் முடியிறது, இந்தப் பக்கம் செத்தவனுக்கு ஒப்பாரி வேற. படிச்ச நாம இதப் பாத்து என்ன சொன்னோம், கூத்துதானேன்னு வீட்டுக்குப் போயிட்டோம் (நானுந்தான்). அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் உக்காந்து பாத்து, கேட்டு, 1988லயும் 1991லயும் ரெண்டு தடி வால்யூம் எழுதினாரு. அவருக்கு அது பழகிப்போன விஷயமில்ல, அதான் கவனிச்சாரு.

வெளியாளு தப்பே பண்ணலயான்னு கேப்பீங்க. பண்ணியிருக்காங்க, பெருசாவே. ராமகிருஷ்ணரப் பத்தி 1995ல அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி கிரைபால் எழுதின புத்தகத்துல வங்காள மொழிபெயர்ப்பு பல இடத்துல சறுக்கியிருக்குன்னு ராமகிருஷ்ண மடத்துத் துறவி தியாகானந்தா எழுதினாரு. அவர விட உள்ளாளு யாருங்க இருக்கா? ஆனா அவரு "நான் காவி கட்டினவன், சொன்னா நம்பு"ன்னு சொல்லல, மூலத்தையும் இங்கிலீஷையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இந்த வரிக்கு இது அர்த்தமே இல்லன்னு காட்டினாரு. அத வங்காளம் படிச்ச யாரும் சரிபாக்கலாம், ஜெர்மன்காரர்கூட. எங்க அணி கேக்குறதும் அவ்ளோதாங்க. மணி அடிச்சிட்டாரு, உக்காந்துக்கிறேன்.