ஊனுண்ணி என்னும் சொல்

(டர்பனில் தமிழாசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

குவாசுலு-நட்டாலில் வளரும் நம் பிள்ளைகள், 1895ஆம் ஆண்டு முதல் காக்கப்பட்டு வரும் ஷ்லுஷ்லுவே-இம்ஃபோலோசிக் காட்டில் சிங்கத்தையும் கழுதைப்புலியையும் நேரிலேயே காணக்கூடியவர்கள். அவர்களுக்கு ஊனுண்ணி என்ற சொல்லைக் கற்பிக்கையில், 'கொடிய விலங்கு' என்று பொருள் எழுதுவது பொருந்தாது. புல் மேயும் நீர்யானை இந்தக் கண்டத்தில் மனித உயிர்களைப் பறிக்கிறது. அதை யாரும் ஊனுண்ணி என்பதில்லை. கொடுமை வேறு, உணவு வேறு. இச்சொல் உணவைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஊன் என்பது தசை. அதனை உண்பது ஊனுண்ணி. "தன்னூன் பெருக்கற்குத் தான்பிறிது ஊனுண்பான்" என்று வள்ளுவர் கூறும் இடத்தில், முதலில் வரும் ஊன் உண்பவனுடைய உடம்பையும், அடுத்து வரும் ஊன் உண்ணப்படும் உயிரின் உடம்பையும் குறிக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல் நிற்பதால்தான் அந்தக் குறள் இவ்வளவு ஆழமாகத் தைக்கிறது. மாமிசபட்சிணி என்று முன்பு வழங்கிய வடசொல்லும் இதே பொருளுடையதே. எழுதும்போது ஊனுண்ணி என்று சேர்த்தே எழுதுங்கள். உண்ணி தனித்து நின்றால், மாட்டையும் நாயையும் பற்றிக் குருதி குடிக்கும் சிற்றுயிரைக் குறித்துவிடும்.

கொன்று தின்பதைச் சொல்லக் கொன்றுண்ணி என்ற தனிச்சொல் இருக்கிறது. பிணந்தின்னிக் கழுகு ஊனையே உண்டு வாழ்ந்தாலும், பெரும்பாலும் தான் கொல்வதில்லை. ஆகவே அது ஊனுண்ணியே அன்றிக் கொன்றுண்ணி ஆகாது. கழுதைப்புலியையும் பிணந்தின்னி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் புள்ளிக் கழுதைப்புலி கூட்டமாக ஓடி வேட்டையாடுவதில் வல்லது; அது வீழ்த்திய இரையைச் சிங்கம் வந்து பறித்துக்கொள்வதும் உண்டு. அந்த விலங்குக்கு நாம் இழைத்துவரும் அநீதியைத் தமிழ் வகுப்பிலாவது நிறுத்த வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

உயிரியலில் இச்சொல்லுக்கு மற்றொரு பயன்பாடும் உண்டு. பூனை, நாய், கரடி, கீரி, கழுதைப்புலி, கடல்நாய் ஆகிய குடும்பங்கள் அடங்கிய பாலூட்டி வரிசை ஒன்றுக்கு ஊனுண்ணி வரிசை என்று பெயர். மேல் தாடையின் கடைசி முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த் தாடையின் முதல் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் அலகுகள் போல உரசித் தசையை வெட்டும் அமைப்பு இவற்றின் முன்னோரிடம் தோன்றியது. இது பரம்பரையைக் குறிக்கும் பெயர் ஆகையால், மூங்கிலையே பெரிதும் தின்னும் பாண்டா இதற்குள் இருக்கிறது. ஊனையே தின்னும் முதலையும் பருந்தும் வெளியே நிற்கின்றன. நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. ஆப்பிரிக்கான மொழியில் மண் ஓநாய் எனப் பொருள்படும் ஆர்ட்வூல்ஃப், கழுதைப்புலிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், இரவில் புல்வெளியில் அலைந்து ஒட்டும் நாக்கால் கறையான்களை நக்கித் தின்கிறது. வெட்டும் வேலை இல்லாமற்போனதால் அதன் கடைவாய்ப் பற்கள் சிறு முளைகளாகச் சுருங்கிவிட்டன. எனவே பரம்பரையைக் கருதும்போது 'ஊனுண்ணி வரிசை' என்று முழுமையாகச் சொல்வதே தெளிவு.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். புரட்டாசியில் நாம் புலால் விடுகிறோம். வீட்டுப் பூனையை அப்படி விடச் செய்யக் கூடாது. அது கட்டாய ஊனுண்ணி. டாரின் என்னும் சத்தைத் தன் உடலில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. தயிர்ச்சோறே கதியென விட்டால் நாளடைவில் பார்வையும் இதயமும் கெடும். நாய் அப்படியன்று, கலப்புணவில் தேறிவிடும்.

தாவரங்களுக்கும் இச்சொல்லை வழங்குகிறார்கள். கேப் பகுதியின் சத்துக் குறைந்த ஈர மண்ணில் வளரும் பனித்துளிச் செடி, இலைமயிர்களில் ஊறும் பசையால் பூச்சிகளைப் பிடித்துச் செரித்து, மண்ணில் கிடைக்காத நைட்ரசனைப் பெறுகிறது. இதனை ஊனுண்ணித் தாவரம் என்பது பிழையில்லை என்றாலும், சிறு வகுப்புகளில் பூச்சியுண்ணும் செடி என்று சொல்வதையே நான் விரும்புவேன். பிள்ளை அங்கே காண்பது பூச்சியைத்தான்.