பாஸ் இருக்கு, பஸ் இல்லை

(எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியை அவர்களே, மைக்குக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன சவுண்ட் சர்வீஸ் தம்பி, தாய்மார்களே, பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சீட்டில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்.

ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்பார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளை பாதியில் படிப்பை விடாமல் இருக்க ஊர் பார்க்க வேண்டியவை மூன்று: சோறு, பள்ளி மேலாண்மைக் குழு, போக்குவரத்து.

முதலில் சோறு. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது, அது ஊர்க்காரர்கள் கொடுத்த நெல்லையும் காசையும் நம்பித்தான் நடந்தது. அரசுப் பணம் பின்னால் வந்தது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு 1958-இல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் மக்கள்தான் பெஞ்சு, கரும்பலகை என்று அள்ளிக் கொடுத்தார்கள். ஊர் கூடித்தான் தேர் நகர்ந்தது.

நம்ம புதுக்கோட்டைப் பக்கம் அதுதான் கல்விச் சீர். பக்கத்து ஊரில் ஒரு தடவை போயிருந்தேன். மேளம் முன்னால் போகிறது. பின்னால் பீரோ, நாற்காலி, மின்விசிறி, தாம்பாளத்தில் நோட்டு, பேனா. பெண் வீட்டுச் சீரே தோற்றுப்போகும்! நாதஸ்வரக்காரருக்கு ஒரே குழப்பம், "ஐயா, இது கல்யாணமா, காதுகுத்தா, எதை வாசிக்க?" என்றார். "பிள்ளை பாஸானா எதை வாசிப்பீரோ அதை வாசியும்" என்று ஒருவர் அதட்டினார். கடைசியில் பணியாரம் சுடுகிற அப்பத்தா ஒரு சுவர்க் கடிகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு வருகிறது. டீச்சர், "பள்ளிக்கூடத்தில் கடிகாரம் இருக்கே அப்பத்தா" என்றார். "இது உனக்கில்லத்தா. பஸ் நிக்கிற இடத்துல மாட்டு. அந்தப் பாழாப்போன பஸ்சு எப்ப வருதுன்னு பிள்ளைக எழுதி வைக்கட்டும்!" (பலத்த கைதட்டல்.)

கைதட்டினீர்கள், சரி. நம்ம ஊரில் என்ன கதை? இங்கே எட்டாவது வரைதான். ஒன்பதாவதுக்கு டவுனுக்குப் போகணும். பள்ளி விடுவது நாலரைக்கு. பஸ் கிளம்புவது நாலுக்கு, அதை விட்டால் ஏழுக்கு. அரசாங்கம் இலவச பஸ் பாஸ் கொடுத்திருக்கிறது. பாஸ் இருக்கு, பஸ் இல்லை! இருட்டில் இறங்கி வருகிற பெண் பிள்ளையை எந்தத் தகப்பன் எத்தனை நாள் அனுப்புவான்? ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று அப்புறம் ஒரு காரணம் கண்டுபிடிப்பான், அவ்வளவுதான். கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு கையை விட்டுவிடுகிறது.

நாம் புது பஸ் கேட்கவில்லை. நாலு மணி வண்டியை நாலே முக்காலுக்குத் தள்ளுங்கள் என்கிறோம். கூடுதல் டீசல் வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம். இதற்கு மூன்று மனு போயாகிவிட்டது.

மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சொல்ல வந்தேன். முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நிறைய பேசலாம், தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். அந்தக் குழுவே பஸ்சுக்குத் தீர்மானம் போடலாம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். ஊர் கூடித் தேர் இழுக்கணும். கையெழுத்து நோட்டு வாசலில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் இருக்கிறது. கைநாட்டும் செல்லும். நன்றி, வணக்கம்.