பச்சை மரக் கிண்ணத்தை ஏன் இருமுறை கடைகிறோம்?

[காட்சி: லேத்தில் சுழலும் ஈரமான மரத்துண்டு]

வெட்டிச் சில நாட்களே ஆன பச்சை மரத்தில் உளியை வைத்தால், சீவல் அறுபடாமல் நீண்ட சுருளாக விழுகிறது. மரத்தின் நீர் முகத்தில் தெறிக்கிறது. காய்ந்த மரத்தைவிட இதைக் கடைவது எளிது. ஆனால் அன்றைக்கே கடைந்து மெருகேற்றிய கிண்ணம் காயும்போது கோணிக்கொள்ளும். தடித்ததாக இருந்தால் பெரும்பாலும் வெடித்தும்விடும். அதனால்தான் முதலில் தோராயமாகக் கடைந்து, மெல்லக் காயவிட்டு, காய்ந்தபின் மீண்டும் கடைகிறோம்.

செல்களின் உட்குழிவில் நிற்கும் நீர் வெளியேறும்வரை மரம் சுருங்குவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, செல் சுவர்களில் ஊறியிருக்கும் நீர் போகத் தொடங்கியபின்தான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. ஆண்டு வளையத்தின் போக்கில் அது அதிகம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதி. நார் ஓடும் நீளவாக்கில் மிக அற்பம். வட்டமாகக் கடைந்தது முட்டை வடிவமாவது இதனால்தான்.

[காட்சி: நடுவே பிளந்த கட்டை]

விரிசல் பெரும்பாலும் மரத்தின் நடுத்தண்டிலிருந்தே கிளம்பும் என்பதால், முதலில் அதை நீக்கிவிட வேண்டும். பிறகு, கோணிய பின்னும் வட்டத்தை மீட்டெடுக்கப் போதிய மரம் மிஞ்சும்படி, சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்குத் தடிமனில், அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலமாக, விட்டுக் கடைகிறோம். அடிப்பாகமும் அதே தடிமனில் இருப்பது மிக முக்கியம்; அடி தடித்திருந்தால் விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்க, ஈரமான அடி அதற்கு இடங்கொடாமல் நிற்க, சுவர் பிளக்கிறது.

[காட்சி: தராசில் கிண்ணம், அடியில் பென்சிலால் எழுதிய தேதியும் எடையும்]

நார்முனை, அதாவது நார்கள் வெட்டுப்பட்ட நுனி, வெளியே தெரியும் இரு பக்கங்களிலும் நீர் வேகமாக வெளியேறுவதால் அங்கே மெழுகு பூசி, காகிதப் பையில் இட்டு, வெயிலும் காற்றும் நேராகப் படாத இடத்தில் வைக்கிறோம். வாரம் ஒருமுறை எடை பார்த்து அடியில் எழுதி வாருங்கள். பல மாதங்கள் ஆகலாம். இந்தக் காத்திருப்பும் கடைசல் வேலையில் ஒரு பகுதிதான். எடை குறைவது நின்று, சில வாரங்கள் மாறாதிருந்தால் கிண்ணம் தயார்.

[காட்சி: மீண்டும் லேத்தில்]

லேத்தில் பிடிமானத்துக்காக அடியில் விட்ட குமிழும் கோணியிருக்கும்; முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பின் வெளிப்புறத்தில் உளியை வைத்தால், அது நார்முனைகள் இரண்டில் மட்டும் தட்டித் தட்டிச் சீவும். அந்தத் தட்டல் அடங்கி, ஓசை ஒரே சீராகும்வரை மெல்லச் சீவுங்கள்.