கேட்டோ மேனரின் மறுபாதி குவாமாஷுவில் இருக்கிறது

வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது, உங்கள் கையிலிருக்கிற போனை வைத்தே செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றி: நம் பெரியவர்களின் ஞாபகங்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்வது.

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் பூர்வீகம் தேடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர், சந்தோஷம். 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். கப்பல் பட்டியலைப் புரட்டினால் கூலி எண், தகப்பன் பெயர், வயது, தாலுகா எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்து, டர்பனின் ஒரு பகுதியான கேட்டோ மேனரில் காய்கறி போட்டுப் பிழைத்தவர்களின் நாள் எப்படி விடிந்தது, எப்படி முடிந்தது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது, அதை ஆயாக்கள்தான், நம் பாட்டிமார்தான் சொல்ல வேண்டும், அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இடம் நமக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. நம்மவர்கள் பலர் நிலம் வைத்திருந்தார்கள், ஆப்பிரிக்கர்களான ஜூலுக் குடும்பங்கள் அதில் குடிசை போட்டு வாடகை கொடுத்தார்கள், ஒருவரோடொருவர் ஃபனகலோ என்ற கலப்பு மொழியில் பேசிக்கொண்டார்கள். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் அரசுக் கணக்கிலேயே 142 பேர் செத்தார்கள். அதில் ஆப்பிரிக்கர்களே அதிகம். அப்புறம் இனவாரியாக இடம் பிரித்த சட்டத்தைக் காட்டி ஜூலு மக்களை குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பினார்கள், நம்மை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஒரே தெருவில் இருந்தவர்களின் ஞாபகம் இப்படி ஊரின் இரண்டு மூலையில் கிடக்கிறது. நாம் நம் ஆயாக்களை மட்டும் பதிவு செய்தால், அன்றைக்கு அரசாங்கம் போட்ட கோட்டை நாமே மறுபடி போடுகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது. குவாமாஷுவில் இருக்கிற கோகோக்களிடமும், அதாவது ஜூலுப் பாட்டிகளிடமும் போக வேண்டும், ஜூலு தெரிந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. நம் தாத்தாக்கள் எவ்வளவு வாடகை வாங்கினார்கள், எப்படி நடத்தினார்கள் என்று அவர்கள் சொல்வதை, கேட்கக் கசந்தாலும், வெட்டாமல் பதிவு செய்ய வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்றால் “என்னத்தைச் சொல்ல, கஷ்டம்தான்” என்று முடித்துவிடுவார்கள். ஒரு தாளைக் கொடுத்து, தெருவை வரையச் சொல்லி, “தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோது ஓர் ஆயா குழாயடியை வரைந்தார், வரிசையில் முன்னால் நிற்பவர் யார் என்றார், குடத்தைத் தூக்கிவிட்ட ஜூலு அம்மாவின் பெயரைச் சொன்னார், கலவர ராத்திரி தங்களை ஒளித்து வைத்ததும் அதே அம்மாதான் என்றார். அதுவரை அவர் பிள்ளைகளுக்கே அது தெரியாது.

இங்கிலீஷ் கலந்து பேசினால் பேசட்டும், திருத்தாதீர்கள். பதிவை யார் யார் கேட்கலாம் என்று முதலிலேயே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். கலவரத்தில் கொள்ளையடித்தவர் பெயரைச் சொன்னால் அந்தப் பகுதியைத் தனியே பூட்டி வையுங்கள், அவர்களின் பேரப்பிள்ளைகளும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், உங்கள் பெயர் சொல்லுங்கள். அன்று ராத்திரியே போனுக்கு வெளியே இரண்டு பிரதி எடுங்கள். பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

பெரிய வெள்ளியன்று தீமிதிக்கு அம்பலவாணர் கோயிலுக்கு சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜனம் வரும். 1905 வெள்ளத்தில் பழைய கோயில் போய், 1947இல் கேட்டோ மேனரில் எழும்பிய கோயில் அது. வீடுகள் போனாலும் அது நின்றது. அன்றைக்குக் கோயில் பக்கத்தில் நிழலாக ஓர் இடம் பார்த்து பதிவு செய்ய ஒரு மேசை, நாலு நாற்காலி போடுவோம். மேளச் சத்தம் எட்டாத இடமாக இருக்கட்டும். போனை முழுசாக சார்ஜ் செய்துகொண்டு வாருங்கள்.