செல்லின் எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம். முளைவிட்ட பயறை ஈரத்துணியில் எப்படிப் படுக்கப் போட்டாலும் வேர்நுனி கீழ்நோக்கி வளைந்துவிடும், பார்த்திருப்பீர்கள். அந்த வளைவுக்குப் பின்னால் இருக்கும் சில சவ்வுப் புரதங்களை (செல்லின் மெல்லிய உறையான சவ்வில் இருப்பவை) இன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆக்சின் என்ற ஹார்மோன் ஒரு வீரியம் குறைந்த அமிலம். அமிலத்தன்மையுள்ள செல் சுவரிலிருந்து அதில் ஒரு பங்கு தானாகவே சவ்வைக் கடந்து செல்லுக்குள் போய்விடும். உள்ளே அமிலத்தன்மை குறைவு, பி.எச். ஏறக்குறைய 7. அங்கே அது அயனியாகி மாட்டிக்கொள்ளும். அதை வெளியேற்றத்தான் 'பின்' (PIN) என்ற குடும்பத்துப் புரதங்கள்.

கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் இவை 8 வகை. பின்-1 வேரின் நடு உருளையில், செல்லின் அடிப்பக்கச் சவ்வில் இருந்துகொண்டு ஆக்சினை நுனிக்குத் தள்ளுகிறது. பின்-2 புறத்தோலில், செல்லின் மேல்பக்கத்தில் இருப்பதால் அங்கே ஓட்டம் நுனியிலிருந்து மேலே. வேரைச் சாய்த்தால், வேர்மூடியில் உள்ள பின்-3 சில நிமிடங்களில் தரைப்பக்கமாக இடம் மாறும். அந்தப் பக்கம் ஆக்சின் கூடும். வேரில் ஆக்சின் கூடினால் செல்கள் நீள்வது குறையும். எதிர்ப்பக்கம் நீண்டுகொண்டே போகும், வேர் வளையும்.

சரி, பின்-1, பின்-2 இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்தால் என்ன? 2006-இல் தாவர உயிரியலாளர் யிரி ஃப்ரிம்லின் குழு இதைச் செய்து பார்த்தது. பின்-2 இல்லாத வேருக்குப் புவியீர்ப்பு தெரியாது. அதன் புறத்தோலில் பின்-1ஐ உண்டாக்கினார்கள். அது அடிப்பக்கமே போய் உட்கார்ந்தது, வேர் திருந்தவில்லை. அப்புறம் வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றைப் பின்-1க்குள் குறிப்பிட்ட ஓரிடத்தில் செருகியதும் அது மேல்பக்கம் போனது. வேர் மறுபடி கீழ்நோக்கி வளைந்தது!

வேரை அரைத்து, எந்தப் புரதம் எவ்வளவு என்று அளப்பவர்கள் இன்றும் உண்டு. பயனுள்ள வேலைதான். ஆனால் அரைத்த பிறகு எது மேல், எது கீழ்?

பக்கத்தை முடிவு செய்வதில் பினாய்டு என்ற நொதிக்குப் பெரிய பங்கு. அது பின் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அளவுக்கு மீறினால் அடிப்பக்கத்தில் இருந்தவையும் மேல்பக்கம் மாறிவிடும். நுனிக்கு ஆக்சின் வந்து சேராது, அங்கே புதிய செல்களை உண்டாக்கும் ஆக்குத்திசு சிதைந்துபோகும்.