கிரனாடாவில் ரொட்டி எங்கிருந்து வருகிறது?

வணக்கம் நண்பர்களே.

இன்று நான் பேசப்போவது ஒரே ஓர் ஊரைப் பற்றி. ஸ்பெயினின் தெற்கே, சியெரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கும் கிரனாடா. அங்கே போகிறவர்கள் எல்லோரும் அல்ஹம்பிரா அரண்மனைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் அரண்மனைக்கு ஒரு காலைப்பொழுதைக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஊருக்குள் இறங்கி, நின்றபடியே, கொஞ்சம் கொஞ்சமாக, பல கடைகளில் சாப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். சாப்பிடும்போது, தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். அந்த ஊர் எதையெல்லாம் மறக்கப் பார்த்ததோ அதில் பாதி அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

தபாஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் உணவு. மாட்ரிட்டிலும் செவில்லேயிலும் பெரும்பாலும் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். கிரனாடாவில் இன்றும் பழைய வழக்கம் இருக்கிறது: குடிக்க ஏதாவது கேட்டால் போதும், கூடவே ஒரு தட்டு இலவசமாக வந்துவிடும். என்ன வரும் என்பதைப் பெரும்பாலான கடைகளில் நாம் தீர்மானிக்க முடியாது, சமையலறை தீர்மானிக்கும். இரண்டாவது முறை குடிக்கக் கேட்டால் இரண்டாவது தட்டில் வேறொன்று வரும். மது தொடாதவர்கள் மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு கேட்கலாம், அதற்கும் தட்டு உண்டு. நான்கு பேர் போனால் பெரிய தட்டாக ஒன்று வாங்கி நடுவில் வைத்து, எல்லோரும் முள்கரண்டியை அதிலேயே நீட்டிச் சாப்பிடுவதும் அங்கே சாதாரணம். நம் கையேந்தி பவனில் நிற்பதைப் போல நெருக்கியடித்து நின்றுதான் சாப்பிட வேண்டியிருக்கும், அப்படி நிற்கும்போது தெரியாதவர்கூட நம்மிடம் பேச ஆரம்பித்துவிடுவார், "அந்த எண்ணெயை ரொட்டியில் தொட்டுக்கொள்ளுங்கள்" என்பார். தனி மேசையில் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவருக்கு இந்தப் பேச்சு கிடைக்காது.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு அரசர்களை வைத்து நான்கைந்து கதைகள் சொல்வார்கள். எதற்கும் சரியான சான்று இல்லை, விட்டுவிடுவோம்.

அங்கே அடிக்கடி வரும் தட்டு ஒன்றைச் சொல்கிறேன். கத்தரிக்காயை மெல்லியதாகச் சீவி, மாவில் புரட்டி, ஆலிவ் எண்ணெயில் பொரித்து, மேலே கருப்பாக ஒரு பாகை ஊற்றித் தருவார்கள். அது கரும்புப் பாகு. கத்தரிக்காய் நம் பக்கத்துச் செடி, கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் வித்தையும் இந்தியாவில் வளர்ந்ததுதான். இரண்டும் பாரசீகத்தைத் தாண்டி, அரபுகளோடு மேற்கே போய், மத்தியதரைக் கடலோரம் குடியேறின. கிரனாடா மாகாணத்தின் மோத்ரில் கடற்கரையில் 2006 வரை கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? பக்கத்து மாலகா மாகாணத்தில் ஃப்ரிஹிலியானா என்ற ஊரில் பாகு காய்ச்சும் ஆலை இன்னும் ஓடுகிறது.

அந்தப் பாகையும் கத்தரிக்காயையும் கொண்டுவந்தவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்விக்கு அரண்மனை வாசலில் முழுப் பதில் கிடைப்பதில்லை. 1492 ஜனவரி 2 அன்று கிரனாடாவின் கடைசி சுல்தான் போவாப்தில் ஊரைக் கிறிஸ்தவ அரசி இசபெல்லாவிடமும் அரசர் ஃபெர்டினாண்டிடமும் ஒப்படைத்தார். அதற்கு முந்தைய நவம்பரில் கையெழுத்தான உடன்படிக்கையில், முஸ்லிம்கள் தங்கள் மதத்தையும் மசூதிகளையும் சட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. எட்டு ஆண்டுகூட அது நிற்கவில்லை. 1499-ல் தொலேதோ பேராயர் சிஸ்நெரோஸ் வந்து கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் அரபு நூல்களைக் குவித்துக் கொளுத்தினார்கள், மருத்துவ நூல்களுக்கு மட்டும் விலக்கு. எத்தனை நூல்கள் எரிந்தன என்பதில் அந்தக் காலத்து எழுத்தாளர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். இன்றைக்கு அந்தச் சதுக்கம் நிறைய பூக்கடைகள், நடுவில் நீரூற்று, சுற்றிலும் நாற்காலிகள். சுரோஸ் என்ற பலகாரத்தைக் கெட்டிச் சாக்லேட்டில் முக்கிச் சாப்பிட ஊரே அங்கே வருகிறது. நானும் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. அந்தத் தரையில் நடந்தது தெரிந்த பிறகும் சாப்பிடலாம், தெரியாமல் சாப்பிடுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அதே 1492 மார்ச் 31-ல் அல்ஹம்பிராவுக்குள் வைத்துத்தான் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணையும் கையெழுத்தானது. ஏப்ரல் 17-ல் பக்கத்தில் இருக்கும் சாந்தா ஃபே என்ற ஊரில் கொலம்பஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். அவர் மிளகைத் தேடிப் போய் மிளகாயோடு திரும்பியதும், பிற்பாடு போர்த்துகீசியர் அதை நம் கரைக்குக் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நம் வீட்டுக் குழம்பின் காரத்துக்கும் அந்த ஊருக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டு.

வெளியேறாமல் மதம் மாறி அங்கேயே தங்கியவர்களின் கதைதான் சாப்பாட்டோடு நேராக ஒட்டிக்கொண்டது. கிரனாடா கடைகளில் கூரையிலிருந்து பன்றித் தொடைகள் தொங்கும். உப்பிட்டு மலைக்காற்றில் மாதக்கணக்கில் காயவைத்த ஹாம். அதை மெல்லிதாகச் சீவி, பச்சை அவரைக் கொட்டையோடு வதக்கித் தருவது ஊர்ச் சிறப்பு. எனக்குத் தெரிந்து நம் ஆட்களில் பலர் அந்தக் கடைகளுக்குள் நுழையவே தயங்குகிறார்கள். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு காலத்தில் அங்கே அது விருப்பமாக இருக்கவில்லை. மதம் மாறியவர் உண்மையாகவே மாறினாரா என்று விசாரிக்க சமய விசாரணை மன்றம் இருந்தது, அது சமையலறையை மோப்பம் பிடித்தது. பன்றி இறைச்சியைத் தள்ளிவைக்கிறாரா, கொழுப்புக்குப் பதில் ஆலிவ் எண்ணெயில் கறி சமைக்கிறாரா, யூத ஓய்வுநாளான சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே அடுப்பேற்றிய பானை தணலில் இருக்கிறதா, எல்லாமே சான்றுகள். அக்கம்பக்கத்தாரும் வேலைக்காரர்களும் போய்ச் சாட்சி சொன்னார்கள். ஆந்த்ரேஸ் பெர்னால்தேஸ் என்ற அந்தக் காலத்து வரலாற்றாசிரியர், மதம் மாறிய யூதர்கள் வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் வதக்கிச் சமைப்பதைக் குற்றமாகவே எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கு ஸ்பெயின் சமையல் என்று உலகம் கொண்டாடுவது எதை என்று நினைக்கிறீர்கள்? ஆலிவ் எண்ணெயில் வதங்கும் அதே வெங்காயத்தையும் பூண்டையும்தான்.

1567-ல் இரண்டாம் பிலிப் அரசர் அரபு மொழி, உடை, பொதுக் குளியல் எல்லாவற்றையும் தடை செய்தார். மறு ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் அல்புஹாரா மலைக் கிராமங்கள் கலகத்தில் எழுந்தன. நசுக்கினார்கள். பிறகு கிரனாடா நாட்டு மோரிஸ்கோக்களை, அதாவது மதம் மாறிய முஸ்லிம்களின் சந்ததியை, ஊர் ஊராகப் பிடுங்கி எடுத்து ஸ்பெயினின் மற்றப் பகுதிகளுக்குத் துரத்தினார்கள். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலிருந்தும் சுமார் 3 லட்சம் பேரை நாடு கடத்தினார்கள். காலியான அந்த மலைக் கிராமங்களில் வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். துரத்தப்பட்டவர்கள் விட்டுப்போன வாய்க்கால்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, தட்டைக் கூரை வீடுகளும் அப்படியே இருக்கின்றன. அந்த மலையில்தான் திரெவேலஸ் என்ற ஊர் இருக்கிறது. அது இன்றைக்கு எதற்குப் பேர்போனது தெரியுமா? ஹாமுக்கு. கடைக் கூரையில் தொங்கும் தொடைகளில் பல அங்கிருந்துதான் வருகின்றன.

சரி, இப்போது ரொட்டிக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கொடுத்ததே அதுதான்.

எந்தத் தட்டு வந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு ரொட்டி இருக்கும். மேல்தோல் முறுகலாக, உள்ளே லேசான புளிப்போடு, மெல்லும்போது இழுத்துக்கொடுக்கும். ஒரு கடையில் ரொட்டி ரொம்ப நன்றாக இருந்ததால், இது நீங்களே சுட்டதா என்று கேட்டேன். "இல்லை, அல்பகார்" என்றார் கடைக்காரர். நகரத்துக்கு வடகிழக்கே மலைச்சரிவில் இருக்கும் ஊர் அது. பழைய மாவைப் புளிக்காடியாக வைத்து, ஊற்றுத் தண்ணீரில் பிசைந்து, தலைமுறை தலைமுறையாக நகரத்துக்கு ரொட்டி சுட்டு அனுப்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடுகூட அந்த ரொட்டிக்கு இருக்கிறது. அப்போது பக்கத்தில் நின்றிருந்த பெரியவர், தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "லோர்காவைக் கொன்றது அங்கேதான்."

கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவை உங்களில் பலர் தமிழிலேயே வாசித்திருப்பீர்கள். கிரனாடா சமவெளியின் ஃபுவெந்தே வக்கேரோஸ் கிராமத்தில் 1898-ல் பிறந்தவர். 1936 ஜூன் மாதம் ஒரு மாட்ரிட் நாளிதழுக்குக் கொடுத்த நேர்காணலில், 1492-ல் கிரனாடா வீழ்ந்தது ஒரு பேரிழப்பு, பள்ளிக்கூடங்களில் அதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கவிதையும் வானியலும் கட்டடக்கலையும் அதோடு போயின என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை நடுவில் ஊருக்கு வந்தார். ஒரு வாரத்துக்குள் கிரனாடா ராணுவம் குடியரசுக்கு எதிராகக் கிளம்பியது. அவருடைய தங்கை கணவர் அப்போது நகர மேயர். ஆகஸ்ட் 16 அன்று அவரைக் கல்லறைத் தோட்டத்துச் சுவரருகே சுட்டார்கள், அதே நாளில் லோர்காவைக் கைது செய்தார்கள். ஓரிரு நாளில், பக்கத்து ஊரான விஸ்நாருக்கும் அல்பகாருக்கும் இடையே இருக்கும் பாதையோரம், ஒரு பள்ளி ஆசிரியரோடும் காளைச்சண்டையில் துணை வீரர்களாக இருந்த இருவரோடும் சேர்த்துக் கொன்றார்கள். அவருக்கு வயது 38.

நான் சொன்ன அந்தக் கல்லறைத் தோட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? அல்ஹம்பிராவுக்குப் பின்னால், அதே குன்றில். அரண்மனைச் சீட்டு வாங்க நிற்கும் இடத்திலிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் வந்துவிடும். அந்தச் சுவரருகே கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

நான் அல்பகாருக்குப் போனேன். காலையில் தெருவெல்லாம் ரொட்டி வாசனை. ஊர் ஓரத்தில் பெரிய ஊற்று ஒன்று இருக்கிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி. 11-ஆம் நூற்றாண்டில் அந்த ஊற்றிலிருந்து மலைச்சரிவோடு ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டினார்கள், ஐனதமார் வாய்க்கால் என்று பெயர். கிரனாடா நகரத்து அல்பைசின் பகுதி முஸ்லிம் வீடுகளும் தோட்டங்களும் தெருத்தெருவாக இருந்த தண்ணீர்த் தொட்டிகளும் பல நூற்றாண்டுகள் அதை நம்பித்தான் இருந்தன. அந்த வாய்க்காலை ஒட்டிய பாதையில் நடந்தால் விஸ்நார் வரும். 1936-ல் கொல்லப்படப் போகிறவர்களை இரவில் அடைத்துவைத்த கட்டடம் அந்த வழியில்தான் இருந்தது. அதற்கு முன்னால் அது பள்ளிக் குழந்தைகளின் கோடை விடுதி. 1492-ல் போனதற்காக வருந்திய கவிஞரை, அந்த மக்கள் வெட்டிய வாய்க்காலின் ஓரத்திலேயே சுட்டிருக்கிறார்கள்.

அந்த ராணுவக் கலகத்தின் வழியாக ஆட்சிக்கு வந்த சர்வாதிகாரி பிராங்கோவின் காலம் முழுக்க இதை வெளியே பேச முடியாது. அயர்லாந்தில் பிறந்த இயான் கிப்சன் ஊர்க்காரர்களிடம் பொறுமையாகப் பேசிச் சேகரித்து எழுதியது 1971-ல் பாரிசில்தான் வெளிவந்தது, ஸ்பெயினில் தடை. பிராங்கோ 1975-ல் இறந்த பிறகும், பழையதைக் கிளற வேண்டாம் என்பதுதான் நாட்டின் பொது முடிவாக இருந்தது. 1977-ல் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது, கொன்றவர் எவரும் நீதிமன்றம் ஏறவில்லை. 2007-லும் 2022-லும் வந்த சட்டங்களால்தான் கொஞ்சம் கதவு திறந்தது. 2009-ல் அல்பகார் பூங்காவில் லோர்காவைத் தேடித் தோண்டினார்கள், கிடைக்கவில்லை. 2021-லிருந்து விஸ்நார் பள்ளத்தாக்கில் கிரனாடா பல்கலைக்கழகத் தொல்லியல் குழு தோண்டிவருகிறது. பைன் மரங்களுக்கு அடியில், குழி குழியாக, இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். பெண்களும் இருக்கிறார்கள். குடும்பத்தாரின் மரபணுவோடு ஒப்பிட்டு யார் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை நடக்கிறது. அந்தக் குழிகளில் கிடப்பவர்கள் ஆசிரியர்கள், தொழிலாளர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள். லோர்கா பெயரால்தான் நாம் அங்கே போகிறோம், ஆனால் போன பிறகு மற்றவர்கள் பெயரையும் படிக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். பள்ளத்தாக்கில் உறவினர்கள் கொண்டுவந்து வைத்த படங்களும் பெயர்களும் இருக்கின்றன.

போக விரும்புகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விவரம். கிரனாடாவிலிருந்து அல்பகாருக்கும் விஸ்நாருக்கும் பேருந்து உண்டு. காலையிலேயே கிளம்புங்கள், மதியம் வெயில் கடுமை, கடைகளும் மூடிவிடுவார்கள். முதலில் அல்பகாரில் ரொட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஊற்று, பூங்கா, வாய்க்கால் பாதை, பள்ளத்தாக்கு என்ற வரிசையில் நடக்கலாம். தோண்டும் பணி நடக்கும் இடத்தில் கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். இறைச்சி சாப்பிடாதவர்கள் நகரக் கடைகளில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டில் ஹாம் வந்துவிடும், சொன்னால் கத்தரிக்காயோ ஆலிவ்வோ தருவார்கள்.

அவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.